வெடிப்பில் விழுந்த புழுக்கை

போன மாசியில் ஒரு ராத்திரி, டொரண்டோவில் இருக்கிற என் தங்கச்சி மகன் வீடியோவில் கூப்பிட்டான். "மாமா, ஒங்களுக்கு ஒண்ணு காட்டுதேன், இருங்க" என்றபடி படியிறங்கினான். அவன் குடியிருக்கிற வீட்டின் நிலவறை அது. மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் நின்றது. வீட்டுக்காரர், எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர், ஜிப்பை இழுத்துத் திறந்தார். வெளியே பனி கொட்டுகிறது, கூடாரத்துக்குள்ளே உச்சிப்பகல் மாதிரி விளக்கு. விளக்குக்குக் கீழே துணித்தொட்டி, அதில் நாலு கஞ்சாச் செடி.

எனக்குப் பகீரென்றது. "ஏ மாப்ளே, போலீஸ்காரன் வந்துறப் போறான்லே" என்றேன். அவன் சிரித்தான். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் அது சட்டப்படி செல்லும். அவன் இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்கு நாலு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் ஜெயில். அதனால் செடியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்த்தது மண்ணை.

அந்தப் பெரியவர் மேலே மூடியிருந்த வைக்கோலை விலக்கி, ஒரு கை மண்ணை அள்ளி கேமராவுக்கு நேரே காட்டினார். கறுகறுவென்று, பொலபொலவென்று இருந்தது. நடுவில் ஒரு மண்புழு நெளிந்தது. "இவரு செடிக்கு ஒண்ணும் போட மாட்டாராம் மாமா. மண்ணுக்குத்தான் தீனி போடுவாராம். அறுத்த பெறகும் மண்ணைக் கொட்ட மாட்டாரு. வருசக்கணக்கா அதே மண்ணுதான். இதுக்கு லிவிங் சாயில்னு பேரு" என்றான். மண்புழு எரு, மக்கு உரம், நண்டு ஓட்டுத் தூள் என்று வரிசையாக மூட்டைகளையும் காட்டினான். எல்லாம் கடையில் வாங்கியவை.

"அந்த மண்ணை ஆடு மிதிச்சிருக்கான்னு கேளு" என்றேன். அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

கேலியாகத்தான் கேட்டேன். படுத்த பிறகு, அப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. கோவில்பட்டியில் ஓர் உரக்கடையில் 1981 முதல் 2014 வரை கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். கரிசக்காட்டுச் சம்சாரிகள் எதை வாங்கி மண்ணில் போட்டார்கள் என்பது முப்பத்துமூன்று வருசத்துக்கு என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன போட்டார்கள் என்பதற்கு நோட்டு கிடையாது. அது என் அய்யா காலம். நான் பார்த்ததும் கேட்டதும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் அதற்குச் சாட்சி.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டையபுரம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகவேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். வெளியூர்க்காரர்கள் இந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கென்ன, தங்கமான மண்ணு" என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் மண் பரிசோதனைச் சீட்டைப் படித்துப் படித்து எனக்கு அது மனப்பாடம்: தழைச்சத்து குறைவு, மணிச்சத்து குறைவு, சாம்பல்சத்து அதிகம். மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்பதைக் காட்டும் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது. கரிசலின் கறுப்புக்கு மக்கு நிறைந்திருப்பது காரணமில்லை. களியும் தாதுவும் கொஞ்சம் மக்கும் ஒன்றோடொன்று இறுகக் கட்டிக்கொண்டதால் வந்த நிறம் அது. தோல் கறுப்பு, வயிறு காலி.

ஆனால் கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. அதன் களி, ஈரம் பட்டால் ஊதிப் பெருகும், காய்ந்தால் சுருங்கும். இங்கே வருசத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிப் பெய்துவிடும். மார்கழியில் காலை வைத்தால் செருப்போடு பிடித்துக்கொள்ளும். பங்குனி சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முழங்கை வரை உள்ளே விடலாம். சின்னப்பிள்ளையில் கோலிக்குண்டு வெடிப்பில் விழுந்தால் போனது போனதுதான், யாரும் தேட மாட்டோம். மேல்மண் காற்றில் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். முதல் மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும். மேலே இருந்தது கீழே போய்விடும். மரக்கலப்பை நாலைந்து அங்குலம் உழும். கரிசல் தன்னைத்தானே மூன்றடி ஆழத்துக்கு உழுதுகொள்ளும்.

எங்கள் முன்னோர் மண்ணுக்குத் தீனி போட்ட முறை முழுக்க இந்த வெடிப்பைச் சுற்றித்தான் அமைந்தது.

முதலில் கிடை. மாசியில் பருத்தி எடுத்து முடிந்து, பருத்திமார் பிடுங்கிய பிறகு காடு வெறிச்சென்று கிடக்கும். அப்போது ஆடுகள் வரும். ஒரே ஆளின் ஆடுகளாக இருக்காது. பல வீட்டு ஆடுகள் ஒரு கிடையில் சேர்ந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் தலைவர் கீதாரி. எங்கள் பக்கத்தில் வேம்பூர் ஆடுகள் அதிகம், வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெளித்த 'பொட்டு ஆடு'. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இருட்டுகிற நேரம் நம் காட்டுக்கு வரும். கீதாரி படலை வளைத்துக் கட்டி ஆடுகளை மறிப்பார். நாய் ஒருபக்கம், மடக்குக் கட்டிலில் கீதாரி ஒருபக்கம். விடிந்ததும் ஆடு கிளம்பிவிடும். அடுத்த ராத்திரி படல் ஒரு படலகலம் தள்ளி நடப்படும். இப்படியே காடு முழுக்கக் கிடை நகர்ந்துபோகும். எங்கள் காட்டில் எந்த மூலை சோகை என்று அய்யாவுக்குத் தெரியும். "அங்கன ரெண்டு ராத்திரி கூடப் போடு" என்பார்.

கூலி தானியமாகப் போகும், கம்போ சோளமோ, மரக்காலில் அளந்து. ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டிலிருந்து. தூக்குவாளியில் கம்மஞ்சோறும் குழம்பும் கொண்டுபோனது நான்தான். இடைசெவல் எங்களுக்குத் தூரமில்லை. அந்த ஊர்க்காரரான கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார்; 2003இல் அம்ஷன் குமார் அதை 'ஒருத்தி' என்று படமாக எடுத்தார். ஒரு கதையைத் தாங்குகிற அளவுக்குக் கிடைக்குள் ஆளும் பேரும் வழக்கும் வம்பும் இருந்தன.

கிடையின் சூட்சுமம் எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. கோடையில் மண் வெடித்துக் கிடக்கிற நேரத்தில்தான் ஆடு வருகிறது. ஆயிரக்கணக்கான குளம்பு மிதித்ததும் மேல்பொருக்கு உடைந்து பொடியாகிறது. புழுக்கையும் பொடிமண்ணும் சேர்ந்து வெடிப்புக்குள் உருள்கின்றன. மூத்திரம் பின்னாலேயே இறங்குகிறது. ஒரு மழை பெய்தால் வெடிப்பு வாயை மூடிக்கொள்ளும். உரத்தைத் தோண்டிப் புதைக்க ஆள் வேண்டாம், அள்ளிச் சுமக்க வண்டி வேண்டாம். பருத்தி வேர் போகிற ஆழத்துக்கே புழுக்கை போய்ச் சேர்ந்திருக்கும். "ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்" என்பார்கள். புழுக்கை சீக்கிரம் மக்கி அந்த வெள்ளாமைக்கே ஆகும்; சாணிக்குப்பை நின்று நிதானமாக ஆகும். சம்சாரிக்கு இரண்டும் வேண்டும்.

மாட்டெரு தொழுவிலிருந்து வந்தது. எங்கள் தொழுவில் தரை மண்தரைதான். கம்மாயிலிருந்து கொண்டுவந்த வண்டலை, அதாவது கரம்பையை, அதில் பரப்பி வைப்போம். மாட்டு மூத்திரத்தை அது உறிஞ்சும். மாடு தின்று மிச்சம் வைத்த நாத்துக்கூளம், சாணி, அடுப்புச் சாம்பல், வீட்டுக் குப்பை எல்லாம் குப்பைக்குழிக்குப் போகும். கொஞ்ச நாளுக்கொருமுறை மூத்திரம் ஊறிய கரம்பையைக் கொத்தி அதன்மேல் போட்டு, தொழுவில் புதுக்கரம்பை பரப்புவார் அய்யா. வைகாசி ஆனியில் 'குப்பை அடிப்பு' தொடங்கும். விடிகாலையிலிருந்து வண்டி வண்டியாகக் காட்டுக்குப் போகும். சிறு சிறு குவியலாகத் தட்டிவிட்டு வருவார்கள். புரட்டாசியில் முதல் மழைக்கு முன்னால் விசிறி உழுதுவிடுவார்கள்.

பருத்தி இங்கே வேறொரு கணக்கும் வைத்திருந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமல் போனபோது, உலகச் சந்தையே இந்தியப் பஞ்சைத் தேடியது. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு தூத்துக்குடியிலிருந்து 'டின்னவெல்லி' என்ற வணிகப் பெயரில் கப்பலேறியது. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் போட்டார்கள்; கோவில்பட்டி அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம். 1891இல் கோவில்பட்டியிலேயே லாயல் மில் என்ற பஞ்சாலை வந்தது. புஞ்சை தவறாமல் கருங்கண்ணி, உப்பம் என்ற பருத்தி ரகங்கள் நின்றன. இவ்வளவு பஞ்சு வெளியே போயும் கரிசல் ஏன் சீக்கிரம் ஓய்ந்துவிடவில்லை என்று யோசித்திருக்கிறேன். பஞ்சு வெறும் நார். காற்றையும் வெயிலையும் கொண்டு செடி நெய்துகொண்டது. மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பங்கு கொட்டையில் இருக்கிறது. அந்தக் கொட்டையை நாங்கள் ஆட்டுரலில் ஆட்டி உழவுமாட்டுக்கு ஊற்றினோம். மாடு சாணி போட்டது. சாணி காட்டுக்குப் போனது. கப்பலில் போனது நார், மண்ணுக்குத் திரும்பி வந்தது சத்து. கணக்குப்பிள்ளை பார்வையில் இதைவிட நேர்த்தியான பற்று வரவு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு, அந்தக் காலம் பொற்காலம் என்று தோன்றும். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. குப்பை அடிப்பு என்றேனே, குப்பைக்குழியில் இறங்கி, முழங்கால் மட்டும் நின்று, கடகப்பெட்டியில் அள்ளித் தலையில் தூக்கியவர்கள் யார்? நிலமில்லாத வீட்டுப் பெண்கள். ஊரின் குப்பை முழுக்க அவர்கள் தலைவழியாகத்தான் காட்டுக்குப் போனது. சும்மாட்டையும் தாண்டிச் சாறு நெற்றியில் வழியும். வேலை முடிந்து எங்கள் வீட்டு வாசலில் அவர்களுக்குத் தண்ணீர் உயர்த்தி ஊற்றப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். மண்ணுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட் கிடையாது.

குப்பையும் போதவில்லை. மாடு அதிகம் வைத்திருந்த வீட்டுக் காடு கறுத்துக் கொழித்தது. ஓர் ஏர் மாடு மட்டும் வைத்திருந்தவனுக்கு மூன்று வருசத்துக்கு ஒருமுறை முறை வந்தால் பெரிது. சாணியில் பாதி அடுப்புக்குப் போயிற்று. மரமில்லாத பொட்டல்காடு இது. பருத்திமார் தீர்ந்தால் வறட்டிதான் விறகு. 1889இல் லண்டனிலிருந்து வந்து இந்தியா முழுக்கச் சுற்றிய ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் ரசாயன அறிஞர், 1893இல் வெளியான தன் அறிக்கையில் இதைத்தான் எழுதினார்: இந்தியக் குடியானவனுக்கு விவசாயம் தெரியாமல் இல்லை, விறகுக்கு வழியில்லாமல் சாணியை எரிக்கிறான், விறகு கொடுத்தால் சாணி வயலுக்குப் போகும். வோல்க்கர் கேட்ட விறகு எங்களுக்கு ரொம்பப் பிந்தி வந்தது, சீமைக்கருவேலாக. விறகுக்கென்று கொண்டுவந்து பரப்பிய மரம் அது. வீட்டுக்கு வீடு விறகு குவிந்தது. அதற்குள் தொழுவில் மாடு இல்லை. மேய்ச்சல் புறம்போக்கையும் கம்மாயையும் அந்த மரமே பிடித்துக்கொண்டது.

அறிவு இங்கிருந்து வெளியே போன கதையும் ஒன்று இருக்கிறது. கோவில்பட்டியில் 1901இல் அரசு ஒரு விவசாயப் பண்ணை தொடங்கியது. இன்றைக்கு அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். 'கே' என்ற எழுத்தோடு வருகிற பருத்தி, சோளம், கம்பு ரகங்களில் அந்த 'கே' கோவில்பட்டியைக் குறிக்கும். அங்கே நடந்தது பெரும்பாலும் விதை பற்றிய வேலை. மண்ணைப் பற்றிய பெரிய பாடம் வடக்கே இன்னொரு கரிசல் பூமியில் நடந்தது. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1905இல் பீகாரின் பூசாவுக்கு வந்து, 1924இல் இந்தோரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அந்த நிலையத்துக்குப் பணம் கொடுத்த முக்கியமான அமைப்பு இந்திய மத்தியப் பருத்திக் குழு. மனைவி கேப்ரியேலும் தாவர அறிஞர். இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். இந்தோர் இருக்கிற மால்வாவின் கரிசலிலும் எங்களைப் போலவே பருத்தி, சோளம், துவரை.

ஹோவார்ட் அங்கே குடியானவர்கள் செய்துவந்ததைக் கூர்ந்து பார்த்தார். சாணி, மாட்டுத்தொழுவில் மூத்திரம் ஊறிய மண், சாம்பல், காட்டுக்கூளம் எல்லாவற்றையும் அளவோடு அடுக்கி, ஈரம் காத்து, நாள் கணக்கு வைத்துப் புரட்டி மக்கவைத்தார். பருத்திமாரும் துவரைமாரும் கட்டையாக இருப்பதால் மக்காது. அவற்றைப் பண்ணைச் சாலையில் பரப்பிவிட்டு மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி நொறுக்க வைத்தார். நாங்கள் அடுப்பில் வைத்த பருத்திமாரை அவர் உரமாக்கினார். அதுதான் எங்களுக்குத் தெரியாத ஒன்று. மூத்திரமண் எங்கள் தொழுவிலும் இருந்தது. ஹோவார்ட் 1931இல் தன் முறையைப் புத்தகமாக எழுதி, 'இந்தோர் முறை' என்று பெயரிட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1940இல் இன்னொரு புத்தகம். அதைப் படித்தவர்களில் ஒருவர் ஈவ் பால்ஃபர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தன் பண்ணையிலேயே சோதனை நடத்தி 1943இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'தி லிவிங் சாயில்'. அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேல் 1942இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்த வழியில் தோட்டக்காரர் கை மாறி, கடைசியில் கஞ்சாச் செடி வளர்க்கிறவர் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. டொரண்டோ நிலவறைத் தொட்டிக்கும் மால்வா மாட்டுத்தொழுவுக்கும் நடுவில் நூறு வருசம்தான் தூரம்.

எங்கள் கோவில்பட்டிப் பண்ணைக்குள்ளேயே ஒருவர் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, 1963இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அவர். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த உரம் எவ்வளவு போடுவது என்று மானாவாரியில் சோதனை நடத்துவது அவருக்கு வேலை. மழையை நம்பி, கையில் காசில்லாமல் இருக்கிற சம்சாரிக்கு இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை என்று முடிவுக்கு வந்து, 1969இல் வேலையை விட்டுவிட்டுக் களக்காட்டில் அமைதித் தீவு அமைப்போடு சேர்ந்துகொண்டார். அவர்தான் கோ. நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30இல் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பயணத்தின்போது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இறந்தார். அவர் கோவில்பட்டியில் இருந்தபோது நான் டவுசர் போட்ட பையன். பின்னாளில் மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கடைக்காரர்கள் அவரை விரும்பியதில்லை. நானும்தான்.

ஏனென்றால் அவர் வேலையை விட்ட சில வருசத்தில் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். 1975இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் யூரியா உற்பத்தி ஆரம்பித்தது. அறுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வெள்ளை மூட்டை வர ஆரம்பித்தது. நான் கடையில் சேர்ந்த 1981ஆம் வருச நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், அவ்வளவுதான் அதில் இருக்கும். பொட்டாஷ் கரிசலுக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்று சீட்டே சொல்கிறது, ஆனாலும் விற்றோம். 90களில் அதே நோட்டில் பருத்திக் காய்ப்புழுவுக்கு மோனோகுரோட்டோபாஸும் மற்ற மருந்துகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. கருங்கண்ணி போய் நீண்ட இழை ரகங்கள் வந்த காலம் அது. அப்புறம் அசோஸ்பைரில்லம், 200 கிராம் பொட்டலம், ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டச் சொல்லி விற்றோம். மண்ணில் தானாக இருந்த உயிரைப் பொட்டலத்தில் போட்டு விற்க ஆரம்பித்தது அப்போதுதான் என்று இப்போது படுகிறது. பிறகு களைக்கொல்லி. பிறகு மக்காச்சோள விதை. நான் ஓய்வுபெற்ற வருசம் கடைசிப் பக்கங்களில் ஒரு புதுச் சரக்கு ஏறியிருக்கிறது: மண்புழு உரம், மூட்டை.

யூரியாவைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஈரம் இருக்கும்போது அளவாகப் போட்டால் பயிர் எழுந்து நிற்பதை என் கண்ணால் பார்த்தவன். கடகப்பெட்டி சுமந்த பெண்களின் தலைக்கு அந்த மூட்டை ஓய்வு கொடுத்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கரிசல் சுண்ணாம்பும் காரமும் கலந்த மண். மழை ஏமாற்றிய வருசத்தில் மேலே தூவிய யூரியா அமோனியாவாக ஆவியாகிக் காற்றில் போகும். "மழை பெஞ்சா போடுங்க" என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மழைக்கு முன்னாலேயே கடனுக்கு எழுதி மூட்டையை ஏற்றிவிடுவேன். மழை வராவிட்டால் யூரியா காற்றுக்குப் போயிருக்கும், கடன் என் நோட்டில் நிற்கும்.

அதற்கிடையில் மற்றவை ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தீப்பெட்டி ஆபீசுகளின் வண்டி ஊருக்குள் வந்து ஆளை ஏற்றிப்போனது. குப்பை சுமக்க ஆள் வருவது நின்றது, அது நல்லதுதான். டிராக்டர் வந்ததும் உழவுமாடு போனது; மாடு போனதும் பருத்திக்கொட்டை ஆட்டுவது நின்றது; தொழு கார் நிறுத்துகிற இடமானது. கம்மாயில் கரம்பை அள்ளுவதற்கு அனுமதி வாங்க அலைய வேண்டியதாயிற்று. 2017இல்தான் விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி திறந்தது. எங்கள் ஊரில் அதை அள்ளினோம், டிராக்டரில். கூடச் சேர்க்க மாட்டெரு இல்லாததால் கரம்பை தனியாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. யாரும் மண்ணைக் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. மண்ணுக்குத் தீனி போடுகிற வேலை முன்னே பத்துப் பேர் வேலையில் பத்தில் ஒரு பங்காகக் கலந்திருந்தது; ஆடு மேய்க்கிறவனுக்கு மேய்ச்சல் கிடைக்க, மாட்டுக்குக் கொட்டை கிடைக்க, கம்மாய் ஆழமாக என்று வேறு காரியங்களுக்காக நடந்தவற்றின் ஓரத்தில் மண்ணும் தின்றுகொண்டது. அந்தக் காரியங்கள் நின்றபோது மண்ணின் சாப்பாடும் நின்றது. அதைத் தனி வேலையாகச் செய்ய இன்றைக்குக் காசு வேண்டும், மூட்டை வேண்டும். டொரண்டோ பெரியவருக்கு நாலு தொட்டி. மூட்டை வாங்கிக் கட்டுப்படியாகிறது. நாலு ஏக்கர் மானாவாரிக்காரன் மூட்டை வாங்கி முடியாது. இதை உணர எனக்கு முப்பத்துமூன்று வருச நோட்டும் ஒரு வீடியோ அழைப்பும் தேவைப்பட்டன.

போன பங்குனியில் எங்கள் ரெண்டு ஏக்கரில் நாலு ராத்திரி கிடை போட்டேன். கீதாரி இப்போது மரக்கால் கேட்பதில்லை, ரூபாய்தான்; படலுக்குப் பதில் நைலான் வலை; செல்போனில் பாட்டு. நான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் ஏற்கெனவே பரோட்டா வாங்கிவந்திருந்தார். மறுநாள் விடிந்து ஆடு கிளம்பினதும் குனிந்து வெடிப்புக்குள் பார்த்தேன். உள்ளே வரை புழுக்கை இறங்கியிருந்தது. அதைப் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அவன் வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறான். "மாமா, இது மூட்டை என்ன வெலைன்னு கேக்காரு" என்று பதில் வந்தது.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் இப்போது கிடை போடுகிற கீதாரி இரண்டு பேர்தான். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இன்னொருவர் மகன் கோவில்பட்டியில் ஆட்டோ ஓட்டுகிறான். கரிசலில் காடு வைத்திருக்கிறவர்கள் வருகிற மாசிக்குள் அவர்களிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.